முப்பது லட்சத்தில் 475

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். என் கையெழுத்தோடு வார்டுகளுக்கு அதிகம் போன வாசகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘ஐந்து நாள் வைத்துப் பார்த்ததில் கிருமி எதுவும் வளரவில்லை.’ தீவிர சிகிச்சைப் பிரிவில் காய்ச்சல் இறங்காமல், ரத்த அழுத்தம் நிலைக்காமல் கிடக்கும் ஒருவரின் கோப்பில் இந்த வரி போய்ச் சேரும்போது, பாக்டீரியா உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது இருந்துகொண்டே, எங்கள் பாட்டிலில் வளராமல் போயிருக்கலாம். எது உண்மை என்று அந்தத் தாள் சொல்லாது. வார்டு டாக்டர்தான் குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ரத்தக் கல்ச்சர் எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. தோலை நன்றாகச் சுத்தம் செய்து, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்து, சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் செலுத்துவார்கள். பாட்டில் உடல் சூட்டில் ஒரு இயந்திரத்துக்குள் இருக்கும். பாக்டீரியா பெருகினால் கரியமில வாயு வெளிவரும். அதை இயந்திரம் கண்டுகொண்டு ஒலி எழுப்பும். உடனே ஒரு சொட்டை எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். மிச்சத்தை அகர் தட்டுகளில் லூப்பால் கோடு கோடாக இழுத்து இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் காலை மூடியைத் திறந்தாலே சில கிருமிகள் மணத்தால் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சூடோமோனாஸுக்குத் திராட்சை மணம். கிளெப்சியெல்லா தட்டில் கொழகொழவென்று படர்ந்திருக்கும். லூப்பால் தொட்டுத் தூக்கினால் நூல் நூலாக நீளும். அதற்கும் அடுத்த நாள்தான் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற பட்டியல் வரும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும்.

செப்சிஸ் வந்தவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. கிருமித் தொற்றுக்கு எதிராக உடல் கட்டுப்பாடு இழந்து போராடி, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. 2017-இல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடிப் பேர் செப்சிஸோடு இறந்தார்கள் என்று ‘லான்செட்’ இதழில் 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இவர்களின் ரத்தத்தில் கிருமி கொத்துக் கொத்தாக மிதக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் ஒன்றிரண்டுகூட இல்லாமல் போகலாம். அதிலும் ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் அந்த ஒன்றிரண்டும் பாதி செத்த நிலையில்தான் பாட்டிலுக்கு வந்து சேரும். சில கிருமிகள் எங்கள் பாட்டிலில் எந்நாளும் வளராதவை. உண்ணிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்கிற ஸ்க்ரப் டைபஸின் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழும். எலிக்காய்ச்சலைத் தருகிற லெப்டோஸ்பைராவுக்குத் தனி ஊடகமும் வாரக்கணக்கான பொறுமையும் வேண்டும். காசநோய்க் கிருமியோ ஆறு வாரம் வரை இழுத்தடிக்கும்.

வளர்த்துத்தான் பார்க்க வேண்டுமா, இருக்கிற டி.என்.ஏ.வை நேராகப் படித்துவிட்டால் என்ன என்ற கேள்வி ஆராய்ச்சியாளர்களிடம் வெகுநாளாக இருந்தது. அதற்குத் தெளிவான பதிலைத் தந்தவன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறுவன் ஒருவன்.

அவனுக்கு அப்போது வயது 14. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தும் ஓரளவுக்குத்தான் தேறியிருந்தான். 2013-இல் காய்ச்சலும் தலைவலியுமாக ஆரம்பித்தது. நான்கு மாதத்தில் மூன்று முறை மருத்துவமனைக்கு வந்தான். மூன்றாவது முறை மூளையில் நீர் கோத்துக்கொண்டது. வலிப்பு விடாமல் வந்தது. மருந்து கொடுத்துச் செயற்கையாக ஆழ்மயக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. ரத்தம், முதுகில் ஊசி போட்டு எடுக்கிற மூளைத் தண்டுவட நீர் என்று எல்லாவற்றிலும் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். மூளையிலிருந்தே துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். காரணம் பிடிபடவில்லை.

கடைசியில் ரத்தமும் தண்டுவட நீரும் சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போயின. சார்லஸ் சியூ, ஜோசஃப் டிரிசி, மைக்கேல் வில்சன் ஆகியோரின் குழு அங்கே ஆராய்ச்சி அளவில் ஒரு முறையை உருவாக்கி வைத்திருந்தது. தண்டுவட நீரில் இருந்த டி.என்.ஏ. முழுவதையும் இயந்திரத்தில் கொடுத்துப் படித்தார்கள். கிடைத்த துண்டுகள் 30,63,784. ஏறக்குறைய எல்லாமே பையனின் சொந்த டி.என்.ஏ. அவனுடையதல்லாத துண்டுகளைப் பிரித்துக் கணினி தேடியபோது 475 துண்டுகள் ஒரே கிருமியைக் காட்டின: லெப்டோஸ்பைரா. சதவீதத்தில் 0.016. கணினி வேலைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். மாதிரி கைக்கு வந்ததிலிருந்து விடை வரை 48 மணி நேரம்.

லெப்டோஸ்பைராவுக்கென்று இருக்கும் வழக்கமான சோதனைகள் அவனுக்கு ‘இல்லை’ என்றே காட்டியிருந்தன. எனக்கு அதில் வியப்பில்லை. அந்தச் சோதனைகளில் முக்கியமானவை நோயாளியின் உடல் உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத் தேடுபவை. எதிர்ப்பொருளைச் சரியாக உண்டாக்க முடியாத பையனிடம் அதைத் தேடினால் என்ன கிடைக்கும்?

புதுச் சோதனையின் விடை மட்டுமே கையில் இருந்தது. முறையான உறுதிச் சோதனை வருவதற்குக் காத்திராமல் விஸ்கான்சின் டாக்டர்கள் பெனிசிலினை அதிக அளவில் கொடுக்கத் துணிந்தார்கள். 1940-களிலிருந்து உலகம் பயன்படுத்திவரும் மருந்து அது, விலையும் மலிவு. பையன் கண் விழித்தான். 32 நாளில் வீடு திரும்பினான். நோய்க்கு முந்தைய நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டான். பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அது லெப்டோஸ்பைராதான் என்று உறுதி செய்தது. முந்தைய ஆண்டு அவன் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போய் அங்கே நீந்தியிருக்கிறான். எலி, கால்நடைகளின் சிறுநீர் கலந்த நீரில்தான் இந்தக் கிருமி இருக்கும். 2014 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இந்தக் கதையை வெளியிட்டது. அதைப் படித்த அன்று, என் ஆய்வகத்து முதுநிலை மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்தச் சோதனையின் தனித்தன்மை அது கேட்கும் கேள்வியில் இருக்கிறது. பி.சி.ஆர். முதலான மற்றச் சோதனைகள், வாசலில் நின்று “முருகன் இருக்காரா? செல்வம் இருக்காரா?” என்று பெயர் சொல்லிக் கேட்பவை. நாம் கேட்காத பெயருக்குரியவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. சீக்வென்சிங் எனப்படும் இந்த டி.என்.ஏ. படிக்கும் முறை, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவரைப் போல “இந்த வீட்ல யார் யார் இருக்கீங்க?” என்று கேட்கிறது. டாக்டர் மனதில் எந்தச் சந்தேகமும் இல்லாதபோதும் விடை வரும். குளிர் மாநிலமான விஸ்கான்சினில் எலிக்காய்ச்சல் யார் நினைவுக்கும் எளிதில் வராது. அங்கேதான் இந்தத் திறந்த கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றியது.

மாதிரியில் உள்ள செல்களை உடைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. அதைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முனையிலும் நமக்குத் தெரிந்த ஒரு குறுந்தொடரை ஒட்டுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்ட துண்டுகளின் மேல் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் ஒளிரும் சாயத்தோடு ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒவ்வொரு சேர்க்கையையும் கேமரா படம் பிடிக்கும். இப்படி லட்சக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன. நானோபோர் என்ற இன்னொரு முறையில் டி.என்.ஏ. இழை நுண்துளை ஒன்றின் வழியே நுழையும்போது மின்னோட்டத்தில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தை வைத்து எழுத்தைக் கண்டுகொள்கிறார்கள். அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்கும். இழை போகப் போகவே விடையும் வந்துகொண்டிருக்கும் என்பது அதன் பெரிய பலம்.

கடினமான வேலை அதன் பிறகு இருக்கிறது. ஒரு மனித செல்லில் சுமார் 600 கோடி எழுத்துகள். லெப்டோஸ்பைராவுக்கு ஏறக்குறைய 40 லட்சம்தான். சளியிலோ ரத்தத்திலோ மனித செல்கள் நிறைந்து கிடக்கும்போது கிருமியின் குரல் அதில் அமுங்கிவிடும். இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சபோனின் என்ற பொருளைக் கொண்டு மனித செல்களை மட்டும் முதலில் உடைத்து, அவற்றின் டி.என்.ஏ.வைச் சிதைத்து நீக்கிவிட்டு, மிச்சத்தை நானோபோரில் படித்தார்கள். நுரையீரல் தொற்றுகளில் ஆறு மணி நேரத்தில் விடை வந்தது. 2019-இல் இது வெளியானது. பின்னர் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனை தன் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இதைக் கொண்டுவந்தது. காலையில் எடுத்த சளிக்கு மாலையில் பதில் என்பது என் போன்றோருக்குக் கனவாக இருந்த காரியம்.

குறைவான செலவில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. 1970-களில் கார்ல் வோஸ், பாக்டீரியா அனைத்திலும் இருக்கும் 16எஸ் என்ற ஆர்.என்.ஏ.வை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தினார். அதற்கான மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். அதன் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் ஒன்றுபோல் இருக்கும். சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். ஒன்றுபோல் உள்ள இடத்தில் பிடித்து, மாறுகிற இடத்தைப் படித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். விப்பிள் நோய் என்ற அரிய குடல் நோய்க்குக் காரணமான கிருமியை யாராலும் வளர்க்க முடியாதிருந்த காலத்தில், 1992-இல் டேவிட் ரெல்மனின் குழு இந்த வழியில்தான் அதை அடையாளம் கண்டது. இதய வால்வில் தொற்று ஏற்பட்டு, கல்ச்சரில் ஒன்றும் வளராமல், அறுவை சிகிச்சையில் வால்வை எடுக்கும்போது அந்தத் துண்டில் 16எஸ் பார்ப்பது மிகப் பயனுள்ளது. முழு சீக்வென்சிங் வசதி இல்லாத ஊரிலும் இதைச் செய்ய முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் பார்த்துவிடும் சோதனை, இருக்கக் கூடாதவர்களையும் பார்த்துவிடும். தோலில் இயல்பாக வாழும் கிருமி ஊசியோடு உள்ளே வரும். சோதனைக்கான ரசாயன கிட்டிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் நோயாளியின் மாதிரியோடு வெறும் நீரையும் அதே வழியில் கொண்டுபோய், அதில் என்ன வருகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. சளியில் பத்து வகைக் கிருமிகளின் பெயர் வந்தால் நோய் தந்தது எது என்று இயந்திரம் சொல்லாது. நோயாளியைப் பார்த்த டாக்டரும் தட்டைப் பார்த்த நுண்ணுயிரியலாளரும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலிஃபோர்னியா குழு ஏழு ஆண்டுகளில் செய்த 4,828 தண்டுவட நீர்ச் சோதனைகளின் கணக்கை 2024-இல் வெளியிட்டது. கிருமி தென்பட்டது 14.4 சதவீதத்தில். உண்மையில் தொற்று இருந்தவர்களில் இது கண்டுபிடித்தது சுமார் 63 சதவீதம் பேரிடம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தொற்றுகள் வேறு எந்தச் சோதனையிலும் அகப்படாமல் இதில் மட்டுமே அகப்பட்டன. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் கணக்குதான் இந்தச் சோதனை இருக்க வேண்டியதற்கான நியாயம். 63 சதவீதம் என்பது அதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கான காரணம்.

கிருமியின் பெயர் தெரிந்தால் பாதி வேலைதான் முடிகிறது. எந்த மருந்து கேட்கும் என்பது மீதி. இதிலும் மரபணு உதவும். காசநோயில் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றங்கள் இருந்தால் ரிஃபாம்பிசின் வேலை செய்யாது. வாரக்கணக்கில் வளர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சில நாளில் படித்துவிடலாம். மருந்துக்கு அடங்காத காசநோயைக் கண்டறிய, தேர்ந்தெடுத்த மரபணுக்களை மட்டும் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024-இல் பரிந்துரைத்தது. கார்பாபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையும் உடைத்துவிடுகிற என்.டி.எம்-1 மரபணுவை நம் நாட்டில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது இந்தியாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010-இல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் எழுதிய குழுவின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆனால் மரபணு இருக்கிறது என்பதால் மட்டும் கிருமி எந்த அளவு மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. அதைத் தட்டில் வளர்த்து, மருந்தோடு மோதவிட்டுப் பார்த்தால்தான் உறுதி. அகர் தட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

லெப்டோஸ்பைராவை விஸ்கான்சின் அறியாமல் இருக்கலாம். நம் ஊருக்கு அது பழைய ஆள். 1993-இன் கடைசியில் மதுரையில் வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு அரவிந்த் கண் மருத்துவமனைக்கு விழியின் உட்பகுதி அழற்சியோடு பலர் வந்தார்கள். டாக்டர் ரத்தினமும் அவரது குழுவினரும் அதை எலிக்காய்ச்சலோடு தொடர்புபடுத்தினார்கள். நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் நீரில் பி.சி.ஆர். செய்து லெப்டோஸ்பைராவின் டி.என்.ஏ.வையும் கண்டார்கள். பெயர் சொல்லிக் கேட்கிற சோதனைதான் அது. ஆனால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

எங்கள் ஆய்வக ஜன்னலுக்கு ஒரு மாலையில் வந்த இளைஞனை இங்கே சொல்ல வேண்டும். அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் சுண்டிப்போயிருந்தது.

“மேடம், அம்மாவுக்கு என்ன கிருமின்னு தெரிஞ்சுதா?”

“இன்னும் வளரலப்பா. வர்றதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாச்சும் கொடுத்தீங்களா?”

“மெடிக்கல் ஷாப்ல மூணு நாளைக்கு வாங்கிக் கொடுத்தோம் மேடம்.”

“அம்மா என்ன வேலைக்குப் போறாங்க?”

“நடவுக்குப் போவாங்க. கால்ல வெடிப்பு வேற, சேத்துல நின்னு நின்னு.”

கீழே வார்டுக்குப் போன் செய்தேன். உதவிப் பேராசிரியர் அதே கேள்வியை முன்பே கேட்டு, அதே சந்தேகத்தில் பெனிசிலின் தொடங்கியிருந்தார். மூன்றாவது நாள் கல்ச்சரில் எதுவும் இல்லை. எதிர்ப்பொருள் சோதனை லெப்டோஸ்பைரா என்றது. அந்த அம்மா டயாலிசிஸ் முடித்து நடந்தே வீடு போனார். அவருக்கு சீக்வென்சிங் தேவைப்படவில்லை. சேற்றில் நின்ற கால்களைப் பற்றி யாரோ கேட்டது போதுமானதாக இருந்தது.

கேள்விகள் தீர்ந்துபோன பிறகும் நோயாளி மோசமாகிக்கொண்டே போகிறாரே, அவருக்காகத்தான் நான் இந்தச் சோதனையைக் கேட்கிறேன். மூளைக் காய்ச்சலோடு வருகிற குழந்தைகளிலும், எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோய் நோயாளிகளிலும் இப்படி நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாவிட்டால் தப்பான மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். எலிக்காய்ச்சலுக்குக் கேட்கிற பெனிசிலின் உண்ணிக் காய்ச்சலுக்கு எதுவும் செய்யாது. அதன் தீவிர நிலைக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

தனியாரில் இந்தச் சோதனை இப்போது கிடைக்கிறது. கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. சரியான அளவில் இரண்டு ரத்தக் கல்ச்சர்கூட எடுக்காமல், நகையை அடகு வைக்கச் சொல்லி இதற்கு எழுதிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொரோனா காலத்தில், 2021-இல், தமிழகப் பொது சுகாதாரத் துறை சென்னையில் முழு மரபணு வரிசை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கியது. அந்தத் திறமையைப் பாக்டீரியாத் தொற்றுகளின் பக்கமும் திருப்ப வேண்டும். மண்டலத்துக்கு ஓர் அரசு ஆய்வகம், அதில் சீக்வென்சிங் தெரிந்த நுண்ணுயிரியலாளர், மாவட்டத்திலிருந்து குளிர்பெட்டியில் மாதிரி வந்து இரண்டு நாளில் விடை போக ஓர் ஏற்பாடு. காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் தர வேண்டும். இதைக் கேட்பது பேராசை ஆகாது.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்த மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த ஊருக்குப் போனார், எந்தத் தண்ணீரில் இறங்கினார், எந்தக் காட்டில் படுத்தார் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்னால், “கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள். ஊசியைத் தள்ளிப்போட மட்டும் சொல்லாதீர்கள். ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் போதும்.